பரகாயப் பிரவேசமும் பத்திலொரு பங்குக் காரும்

விட்டதை மீண்டும் தொட்டவர்களைப் பற்றி நம் பழைய கதைகளும் திண்ணைப் பேச்சும் நிரம்பவே சொல்லியிருக்கின்றன. துறவு பூண்ட பின்னும் ஊர்ப்பக்கம் வந்தபோது பழைய வீட்டு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தவர், சீட்டாட்டத்தைச் சத்தியம் செய்து விட்டுவிட்டு அடுத்த தீபாவளிக்குள் சத்தியத்தை விட்டவர், மூக்குப்பொடி டப்பியைக் கிணற்றில் வீசிவிட்டு மறுநாள் காலையிலேயே கிணற்றுக்கு ஆள் இறக்கியவர் என்று இவ்வகையினர் பலர். ஆயினும், வானொலி அலையால் ஓட்டப்படும் சிறு காரை இளமையில் பந்தயத்தில் ஓட்டி, பின்னர் உத்தியோகம், விவாகம், வீட்டுக்கடன் ஆகிய மூன்று காரணங்களால் அதைக் கைவிட்டு, ஏறக்குறைய 30 வருஷம் கழித்து, தலையில் நரையும் கண்ணில் வெள்ளெழுத்தும் வந்து சேர்ந்த பின் மீண்டும் பந்தயத் தளத்தில் வந்து நிற்கிற மனிதனைப் பற்றி எந்த ஆசிரியரும் அரைச் சூத்திரமாவது செய்துவைத்ததாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

நூல் தொடங்குவோர் அதிகாரி, விஷயம், சம்பந்தம், பிரயோஜனம் என்னும் நான்கையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது வேதாந்திகளின் கட்டளை. அதிகாரியாவான், விட்டும் இருக்க வேண்டும், திரும்பியும் இருக்க வேண்டும். இவ்விரு தகுதியும் எனக்கு உண்டு. வெற்றியும் பெற்றிருக்க வேண்டும் என்று மூன்றாவது தகுதி ஒன்றைக் கூறுவார் உளராயின், அது ஆராய்ச்சிக்குப் புறம்பான பேச்சு என்று ஒதுக்குக. விஷயம் மேலே சொல்லப்பட்டது. சம்பந்தம், எனக்கும் காருக்கும் இடையே முன்பு 27 மெகாஹெர்ட்ஸில் இருந்தது, இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. பிரயோஜனம் இன்னது என்பதை என் மனைவியும் அடிக்கடி கேட்கிறாள், தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதற்கண் பெயரை ஆராய்வோம். இப்பொருளை எங்கள் வீட்டில் ‘ரிமோட் காரு’ என்பார்கள். பந்தயக்காரர்கள் ‘ஆர்.சி. கார்’ என்பார்கள். ‘பொம்மை’ என்ற சொல்லை அவர்கள் முன்னிலையில் பிரயோகிப்பது, சங்கீத வித்துவானிடம் சென்று அவருடைய வீணையை ‘அந்தக் கட்டை’ என்று குறிப்பிடுவதற்குச் சமானமான அபசாரம். லக்ஷணம் வருமாறு: நீளம் முழத்துக்குச் சற்றுக் குறைவு, எடை ஒன்றரைக் கிலோ, உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு என்று சாதிக்கப்படுவது, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது கார் என்றும், மல்லாந்து கிடக்கும்போது ‘மார்ஷல்!’ என்றும் அழைக்கப்படுவது.

பத்தில் ஒரு பங்கு என்றவுடனே ஒரு பூர்வபக்ஷம் எழும். மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும் சிறு கார், பத்தால் பெருக்கினால் 400 கிலோமீட்டர் ஓடும் பெரிய காருக்குச் சமம் அன்றோ என்று, இக்கலையில் புதிதாகப் புகுந்தவர்கள் தங்கள் மாமனார்களிடம் சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். இது பொருந்தாது. காரைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கியவர்கள் பூமியின் ஆகர்ஷண சக்தியைச் சுருக்கவில்லை. மேட்டிலிருந்து துள்ளிய சிறு கார் பெரிய கார் விழும் அதே வேகக் கணக்கில்தான் விழுகிறது. அதனாலேயே அது எப்போதும் ஏதோ பதற்றத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஈர்ப்பு மாறாதிருக்க, வேகத்தைப் பெருக்க வேண்டிய எண் பத்து அன்று, பத்தின் வர்க்கமூலமாகிய 3.16. ஆகவே 40 என்பது 126-க்குத்தான் சமம். இந்த ஒரு கணக்கினால் மாமனாரிடம் நான் இழந்த மதிப்பு மணிக்கு 274 கிலோமீட்டர்.

இதன் பூர்வோத்தரத்தையும் சிறிது சொல்ல வேண்டும். கடையில் வாங்கக் கிடைத்த முதல் வானொலிக் கார், 1966-இல் இத்தாலியில் எலெட்ரோனிக்கா ஜோக்காட்டோலி என்னும் நிறுவனம் செய்த பெராரி 250 எல்.எம். என்பர். அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி ஜப்பானின் ஷிஸுவோக்காவுக்கு வந்தால், 1946-இல் மரவியாபாரமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், மரத்தை விட்டுப் பிளாஸ்டிக்கில் பொருத்திச் சேர்க்கும் மாதிரிகள் செய்து, 1976-இல் போர்ஷே 934 என்னும் தன் முதல் வானொலிக் காரை வெளியிட்டது. அம்மாதிரியைத் தத்ரூபமாகச் செய்யும் பொருட்டு, ஷுன்சாக்கு தமியா உண்மையான போர்ஷே 911 ஒன்றை விலை கொடுத்து வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தாராம். பிரித்ததை மீண்டும் பூட்ட முடியாமல் போர்ஷே ஆட்களையே அழைக்க வேண்டியிருந்ததாம். பிரிப்பது ஞானம், பூட்டுவது அநுபவம் என்ற பேதம் இக்கலையின் மூலபுருஷரிடமே தோன்றிவிட்டது. சாப்பாட்டு மேஜையின் மீது திருகுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு நள்ளிரவில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கதையைத் தம் மனைவியிடம் சொல்லிப் பார்த்திருப்பார்கள். பலித்ததாகக் கேள்வியில்லை.

1984-இல் அதே நிறுவனம் ஹார்னெட் என்ற காரை வெளியிட்டது. இரண்டு சக்கர உந்தல், கறுப்பு மேனி, பின்புறத்தில் மோட்டாரும் பற்சக்கரப் பெட்டியும் அச்சும் ஒரே பிண்டமாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு. ஆகவே இது ஓடுவதைக் காட்டிலும் குதித்துக் குதித்து முன்னேறும் என்று சொல்வது பொருந்தும். 1985-இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் மண்தளக் கார்களுக்கான முதல் உலகப் போட்டி நடந்தது; அடுத்தது 1987-இல் இங்கிலாந்தின் ரோம்ஸியில் நடந்தது. அந்த 1987-இல்தான், இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இவ்வாராய்ச்சியாளனும், மூன்று மாதம் மத்தியான உணவைச் சுருக்கி மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு ஹார்னெட் வாங்கினான். ரோம்ஸிக்கும் இதற்கும் காரிய காரண சம்பந்தம் ஏதும் இல்லை. இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்தன என்பதே நான் சொல்லக்கூடியது. 1991-இல் கார் பெட்டிக்குள் போயிற்று.

இனிப் பிரமாணங்கள். பிரத்தியக்ஷப் பிரமாணம் எங்கள் வீட்டுப் பரண். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கையில் டார்ச்சுடன் குனிந்து ஊர்ந்துகொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது.

“என்னங்க, மேல எலியா?”

“எலி இல்ல. என் காரு.”

“எந்தக் காரு?”

“அந்தக் காலத்துல ஓட்டினேனே, ரேஸ் காரு.”

சிறிது மௌனம். “கல்யாணத்துக்கு முன்னாடி இருந்ததெல்லாம் இன்னுமா பத்திரமா இருக்கு?” என்று கேட்டுவிட்டு அவள் அப்பால் போய்விட்டாள். இக்கேள்வியில் இருந்த ‘எல்லாம்’ என்ற சொல்லுக்கு விரிவான வியாக்கியானம் எழுதலாம். எழுதாமல் விடுவது குடும்பத்துக்கு நல்லது.

பெட்டியைத் திறந்தேன். டயர்கள் வறண்ட கோடை ஏரியின் தரைபோல வெடித்திருந்தன. ஆறு செல் கொண்ட நிக்கல் காட்மியம் பாட்டரியின் முனைகளில் உப்புப் பூத்து, சுருங்கிய நெகிழி உறையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தது. டிரான்ஸ்மிட்டரின் ஏரியலை இழுத்தேன். நான்கு கணு வந்தது, ஐந்தாவது கணு என் கையோடு வந்தது. மேனியின் மீது ஒட்டியிருந்த குளவிப் படம் மட்டும் அன்று போல் இன்றும் கொட்டத் தயாராக இருந்தது. பெட்டியின் மூலையில், ரோமானிய ‘ஈ’ எழுத்தின் வடிவத்தில் இருக்கும் குன்றிமணி அளவு எஃகுக் கிளிப் ஒன்று கிடந்தது. 1989-இல் அது என் விரலிலிருந்து தெறித்து ஓடியபோது அறையின் தரைவிரிப்பு முழுவதையும் தடவித் தேடியிருக்கிறேன். அது தேடிய இடத்தில் இல்லாமல், தேடாத இடத்தில் இருந்திருக்கிறது.

இங்கே திருமூலர் சரித்திரம் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் கதறக் கண்ட யோகியார், தம் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலன் உடலில் புகுந்து பசுக்களை ஊர் சேர்த்தார். திரும்பி வந்து பார்த்தால் வைத்த இடத்தில் தம் உடலைக் காணோம். பின்பு மூலனாகவே இருந்துவிட்டார் என்பது பெரிய புராணம் சொல்லும் வரலாறு. உத்தியோகம், விவாகம், வீட்டுக்கடன் ஆகிய பசுக்களை ஓட்டிக்கொண்டு போய் ஊர் சேர்த்துவிட்டு 30 வருஷம் கழித்துத் திரும்பிய என் கதைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், வைத்த இடத்தில் உடல் இருந்தது. புகுவதற்கு லாயக்காக இல்லை. பெருமானின் உடலை மறைத்தது இறைவன் திருவருள். என் உடலைக் கெடுத்தது பரணின் ஈரம்.

பழைய உடல்களையே மீண்டும் வார்த்து விற்கும் ஏற்பாடும் இப்போது உண்டு. ஹார்னெட் 2004-இல் மறுபிறவி எடுத்துவிட்டது. முடி நரைத்தவர்களின் ஏக்கத்துக்கு ஜப்பானியர் இவ்வளவு துல்லியமாக விலைச்சீட்டு ஒட்டியிருப்பதை எண்ணிச் சிறிது நேரம் வெட்கப்பட்டேன். பிறகு மறுபிறவியை விடுத்து, இக்காலத்து வழக்கப்படி மோட்டார் நடுவயிற்றில் இருக்கும் கார் ஒன்றை இரண்டாங்கையாக வாங்கினேன்.

நன்னூலார் மாணாக்கரை அன்னம் முதல் பன்னாடை ஈறாக வகுத்ததுபோல, மீண்டு வருவோரையும் வகுக்கலாம். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்து அழகு பார்ப்போர் ஒரு வகை. இவர்கள் தோற்பதே இல்லை. 30 வருஷ இடைவெளியைப் பணத்தால் நிரப்பலாம் என்று நம்பி முதல் வாரத்திலேயே டைட்டானியம் திருகு வாங்குவோர் மற்றொரு வகை. மகனுக்காகத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வருவோர் மூன்றாம் வகை; நான் இதில் சேர்ந்தவன். என் மகன் இரண்டு வாரம் வந்தான். மூன்றாம் வாரம், “அப்பா, நீங்க போயிட்டு வாங்க, எனக்குப் படிக்கணும்” என்றான். அவன் படிக்க வேண்டும் என்று சொன்னது அதுவே முதல் முறை.

மாறியவை எவை என்று அடுத்து ஆராய்வோம். மோட்டாரில் கார்பன் பிரஷ் போய்விட்டது. அதோடு பிரஷ்ஷை மாற்றுவது, தேய்ந்த செம்பைக் கடைசலிடுவது, விரலெல்லாம் கரியாவது ஆகியவையும் போயின. இதற்கு மேல் மோட்டாரைப் பற்றிச் சொல்வதற்கில்லை. வானொலி விஷயம் அப்படியன்று. அது தத்துவ சம்பந்தமுடையது.

அக்காலத்தில் 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் முக்கியமாக ஆறு வழிகள் இருந்தன. அவற்றுக்குப் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறப்பெயர். கிரிஸ்டல் என்னும் சிறு தகரக் குப்பியை டிரான்ஸ்மிட்டரில் ஒன்றும் காரில் ஒன்றுமாகச் செருகி, ஏரியல் நுனியில் அந்த நிறத்து ரிப்பனைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பந்தய மண்டபத்துச் சுவரில் ஒரு பலகை இருக்கும். அதில் நிறத்துக்கு ஒரு துணிக்கிளிப். தன் நிறத்துக் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டவனே ஸ்விட்ச்சைப் போடலாம். ஒரே நிறத்தில் இருவர் ஸ்விட்ச் போட்டால், ஒரே காருக்கு இரண்டு எஜமானர் ஏற்பட்டு, அது இருவர் சொல்லையும் கேளாமல் சுவரில் போய் முட்டும். ஓருடலில் ஈருயிர் தங்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எந்தத் தர்க்க நூலிலும் இல்லை. ஒருமுறை என் மஞ்சள் கார், நான் இன்னும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே, மேஜையின் மீதிருந்து தானாகக் கிளம்பிப் போயிற்று. மண்டபத்தின் மறுகோடியில் யாரோ கிளிப் எடுக்காமல் ஸ்விட்ச் போட்டிருந்தார்.

இன்று 2.4 கிகாஹெர்ட்ஸில் டிரான்ஸ்மிட்டரும் காரும் ஒருமுறை ஒன்றையொன்று அறிந்துகொண்டுவிட்டால், பக்கத்தில் பத்துப் பேர் கூவினாலும் கார் தன் நாயகன் குரலுக்கன்றி அசைவதில்லை. அலைநீளம் 11 மீட்டரிலிருந்து 12½ சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டபடியால், மீன்தூண்டில் போன்ற ஏரியலும் இல்லை. ஆனால் பந்தயத்துக்கு முன் ஏரியலை இழுத்து நீட்டிய அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. பந்தயத்துக்குத் திரும்பிய முதல் நாள், ஓட்டுபவர்கள் நிற்கும் மேடையில் ஏறி நின்றதும், என் வலக்கை தானாக எழுந்து, டிரான்ஸ்மிட்டரின் தலைமாட்டில் இல்லாத ஒன்றைப் பிடித்து, வெறுங்காற்றை ஒரு முழ நீளம் இழுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அதைக் கண்டு புன்னகைத்தார். அவர் கை தன் சட்டைப் பையருகே துணிக்கிளிப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

பாட்டரியில் நேர்ந்த மாறுதல் நெஞ்சைச் சுடுவது. அன்று செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட் வீதம் ஆறு செல், மொத்தம் 7.2 வோல்ட், கொள்ளளவு 1200 மில்லி ஆம்பியர் மணி. பந்தயம் ஐந்து நிமிஷம். 1200-ஐ ஐந்து நிமிஷத்தில் பகிர்ந்தால் சராசரி 14 ஆம்பியருக்கு மேல் இழுக்க இடமில்லை. அதற்கு மேல் ஆசைப்பட்டவன் நாலாவது நிமிஷத்தின் முடிவில், எல்லோருக்கும் முன்னால், தளத்தின் நடுவே, உழவு மாடு படுத்ததுபோல நின்றுவிடுவான். ஆகவே அக்காலத்து ஓட்டுநனின் திறமையில் பாதி, ரேஷன் மண்ணெண்ணெயில் மாதம் ஓட்டிய குடும்பத்தலைவியின் திறமை. நேர்பாதையின் கடைசி இரண்டு கஜத்தில் விசையை விட்டுவிட வேண்டும். கார் தன் வேகத்திலேயே வளைவுக்குள் உருண்டு புகும். அங்கே மிச்சமான மின்சாரம் கடைசிச் சுற்றில் உதவும். இந்த வித்தையில் நான் தேர்ந்தவன் என்பதைத் தற்பெருமையின்றியே சொல்கிறேன்.

இன்றைய லித்தியம் பாலிமர் பாட்டரி இரண்டே செல். கொள்ளளவு பெரும்பாலும் 5000-க்குக் குறைவதில்லை. ஐந்து நிமிஷப் பந்தயத்தில் அதைத் தீர்க்க முயல்வது, மொய்ப்பணத்துக்குப் பயந்து கல்யாண வீட்டில் குறைவாகச் சாப்பிடுவதுபோல் அர்த்தமற்ற காரியம். இது எனக்குத் தெரியும். என் கட்டைவிரலுக்குத் தெரியாது. முதல் பந்தயத்தில், ஒவ்வொரு நேர்பாதையின் முடிவிலும் இரண்டு கஜத்துக்கு முன்பே விசையை விட்டு, மின்சாரத்தைச் சேமித்து, சேமித்து, மற்றவர்கள் என்னை இருமுறை சுற்றிக் கடந்து போக, பாதிக்கு மேல் நிறைந்திருந்த பாட்டரியுடன் கடைசியாக வந்து சேர்ந்தேன். அச்சேமிப்பை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. அடுத்த பந்தயத்துக்குள் புதிதாகச் சார்ஜ் ஏற்றிவிடத்தான் வேண்டும்.

இப்பாட்டரிக்கு வேறு விதிகளும் உண்டு. செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றலாகாது. 3 வோல்ட்டுக்குக் கீழ் இறக்கலாகாது. உபயோகமின்றி வைக்கும்போது 3.8 அளவில் நடுநிலை காக்க வேண்டும். மீறினால் பாட்டரி உப்பிவிடும்; சில சமயம் தீயும் பற்றும். அதற்காகத் தீப்பிடிக்காத பையில் வைத்தே சார்ஜ் ஏற்ற வேண்டும். அந்தப் பையைக் கண்டதும் என் மனைவி, “சார்ஜ் போடுறதுக்கே தீப்பிடிக்காத பை வேணும்னா, வீட்டுக்குள்ள எதுக்குங்க?” என்று கேட்டாள். இதற்கு விடை கூறாமல் நான் கார்க்கொட்டகைக்குப் போய்விட்டதை, அக்கருத்துக்கு உடன்பட்டதாகக் கொள்க.

இவ்வளவும் மாறிய உலகத்தில் மாறாத ஒன்று உண்டு. ஆராய்ச்சியின் நடுநாடி அதுவே. கார் நம்மை விட்டு அப்பால் போகும்போது அதன் வலம் நம் வலம். அது வளைந்து நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நம் இடம். ஒரு சுற்றில் ஏறக்குறையப் பாதி நேரம் உலகம் நேராகவும் பாதி நேரம் தலைகீழாகவும் இருக்கிறது. மாணவிகளுக்கு எதிரே நின்று இடக்கையை உயர்த்தி அவர்கள் வலக்கையை உயர்த்த வைக்கும் நாட்டிய ஆசிரியைக்கு இது பிரமாதமில்லாமல் இருக்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டரில் அதைச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பலர் பல உபாயம் சொல்வர். டிரான்ஸ்மிட்டருடன் உடம்பையும் திருப்பிக்கொள்க என்பார் ஒரு சாரார். மேடையில் எண்மர் தோளோடு தோள் உரச நிற்கையில் ஒருவன் மட்டும் பம்பரமாகச் சுற்றினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. வரும்போது எதிர்ப்பக்கம் திருப்புக என்பார் மற்றொரு சாரார்; இது நினைவு வைத்துக்கொள்ளக் கூடியது, ஆனால் நினைத்து முடிப்பதற்குள் கார் சுவரில் இருக்கும். சித்தாந்தம் ஒன்றே: ஓட்டுபவன் மேடையில் நிற்பதை மறந்து, தன் ஆன்மாவை எடுத்துக் காரின் முன்னிருக்கையில் உட்கார்த்தி வைத்துவிட வேண்டும். உள்ளிருந்து பார்ப்பவனுக்கு வலம் எப்போதும் வலமே. பரகாயப் பிரவேசம் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். 14 உலகப் பட்டம் பெற்ற மசாமி ஹிரோசாகா இச்சித்தி கைவரப் பெற்றவர் என்று அநுமானப் பிரமாணத்தால் கொள்ளலாம். சிறுவர்களுக்கு இது இயல்பாகவே வாய்த்திருக்கிறது. அவர்களுடைய ஆன்மா இன்னும் உடம்போடு சரியாகத் திருகப்படாமல் இருப்பதே காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு 1990-இல் இச்சித்தி இருந்தது. இடையில் வீட்டுக்கடன் ஆவணத்தில் கையெழுத்திட்ட நாளோடு அது போயிற்று.

இத்துடன் மூக்குக்கண்ணாடி விஷயம் ஒன்று சேர்கிறது. இக்காலத்து டிரான்ஸ்மிட்டரில் சின்ன எழுத்தில் பல தகவல் ஓடும் திரை ஒன்று உண்டு. அதைப் படிக்கக் கண்ணாடி போட வேண்டும்; காரைப் பார்க்கக் கழற்ற வேண்டும். ஆன்மாவைக் காருக்குள் அனுப்புவதற்கு முன் கண்ணாடியை நெற்றிக்கு அனுப்புவது என்று ஒரு மத்திய மார்க்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன்.

ஒருவன் தன் பந்தயம் முடிந்ததும் அடுத்த பந்தயத்துக்கு மார்ஷலாக நிற்க வேண்டும் என்பதும் மாறாத மற்றொரு தர்மம். ஆரஞ்சு மேலங்கி அணிந்து, தன் வளைவருகே நின்று, கவிழ்ந்த கார்களை ஓடிப்போய் நிமிர்த்திவிட வேண்டும். தான் கவிழ்ந்த பாவத்துக்குப் பிறர் காரை நிமிர்த்துவதே பிராயச்சித்தம் என்ற இந்த ஏற்பாட்டை வகுத்தவர் யாராயினும் தர்ம சாஸ்திரத்தில் ஆழ்ந்தவர். நிற்கத் தவறியவனுக்கு அன்றைய அவனுடைய சிறந்த முடிவைக் கழித்துவிடுவதும் சில கழகங்களில் வழக்கம். கழிப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை; ஆயினும் ஒரு நாளும் தவறியதில்லை. முழங்காலைப் பற்றிய விவரங்களை இங்கே விரிக்கவில்லை.

எங்கள் கழகம் வெள்ளிக்கிழமை மாலை ஒரு பள்ளியின் உடற்பயிற்சி மண்டபத்தில் கூடும். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே சாம்பல் நிறக் கம்பளம் விரித்து, வளைவுகளுக்கு நெகிழிக் குழாய் பதித்து, நடுவே மரத்தால் ஒரு மேடு வைப்பார்கள். காருக்குள் இருக்கும் டிரான்ஸ்பாண்டரின் எண்ணை, கம்பளத்தின் அடியில் ஓடும் கம்பி வாசித்துச் சுற்றுகளைக் கணக்கிடும். முன்பு அதே வேலையை ஒரு பெண்மணி பென்சிலாலும் மகாப்பொறுமையாலும் செய்துவந்தார். கணினி ஒவ்வொருவர் பெயரையும் உரக்கச் சொல்லும். ழகரமும் ளகரமும் கலந்த என் பெயரை அது சொல்லும்போது, ஏதோ வெந்நீர்க் குழாய் அடைபட்ட ஓசை கேட்கிறது.

ஆறாவது வெள்ளிக்கிழமை, தரவரிசையில் கடைசிக் குழுவின் இறுதிப் பந்தயம். என் இடப்பக்கத்தில் பதினொரு வயதுப் பையன் ஒருவன், பால்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் நின்றிருந்தான். அவன் கார் பழுதாகி முதல் இரண்டு பந்தயத்தில் ஓடாமல் போனதால் மட்டுமே எங்கள் குழுவில் அகப்பட்டவன். அவன் காரும் மஞ்சள். என் காரும் மஞ்சள். பாலிகார்பனேட் மேனிக்கு உள்பக்கத்திலிருந்துதான் வர்ணம் பூச வேண்டும் என்பதால், என் பூச்சின் குறைகள் அனைத்தும் பளபளவென்று காப்பாற்றப்பட்டு, தூரத்துக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின.

ஒலி எழுந்தது, புறப்பட்டோம். முதல் மூன்று சுற்று வழக்கம்போல. நாலாவது சுற்றில், மேட்டைத் தாண்டி நம்மை நோக்கி வரும் பெரிய வளைவில், எனக்குள் எதுவோ இளகிற்று. கார் வந்தது. வலம் வலமாகவே இருந்தது. குழாயை மயிரிழையில் தொடாமல் கடந்து, வளைவின் உச்சியில் திரும்பி, மேட்டில் மிதந்து, நான்கு சக்கரமும் ஒருசேர இறங்கி, நேர்பாதையில் சீறிப் போயிற்று. சிக்கனத்தையும் மறந்தேன், விசையை விடவேயில்லை. அடுத்த சுற்றும் அவ்வாறே. மேடையின் பலகை என் காலடியில் இல்லை. கம்பளத்தின் மயிர்க்கால் ஒவ்வொன்றும் முகத்தருகே ஓடுவதுபோல் இருந்தது. 1990-இன் அந்தச் சித்தி, போன வழியே திரும்பி வந்திருந்தது. இனி இதைவிடச் சிறப்பாக ஒரு மனிதன் காரோட்ட முடியாது என்று எண்ணிய அத்தருணத்தில் கணினி அடைபட்ட குழாய்போல் என் பெயரைச் சொல்லி, என் சுற்றுகள் மூன்று என்று அறிவித்தது.

“மிஸ்டர், அது என்னுடையது,” என்றான் பையன், பார்வையைத் தளத்திலிருந்து எடுக்காமலே, மிக மரியாதையாக.

மூன்றாம் வளைவில் என் கார் மல்லாந்து கிடந்தது. மார்ஷல் எதிர்ப்பக்கம் வேறொரு காரை நிமிர்த்தப் போயிருந்தார். பையனின் கார் நேர்பாதையில் சீறிப் போன ஒவ்வொரு தடவையும், அதற்கு நான் கொடுத்த முழு விசையையும் தவறாமல் கேட்டு, என் காரின் பின்சக்கரம் இரண்டும் மேற்கூரையைப் பார்த்தபடி ஆனந்தமாகச் சுழன்றுகொண்டிருந்தன.